அத்தியாயம் 4: டப்பாவில் 500 ரவை

துப்பாக்கி சுடப் பழகும் எவருக்கும் சில மாதங்களில் ஒரு யோசனை வரும்: "இந்தத் தோட்டாவை நாமே செய்துகொண்டால் என்ன?" ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் வரும். ஷிப்ட் முழுக்க வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடிக்கிற கை. நூறில் இரண்டு மில்லி கூடினாலும் பீஸை ஓரமாக எடுத்து வைக்கிற கண். அமெரிக்கக்காரர் ஒருவர் தன் கார் ஷெட்டில் உட்கார்ந்து, சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளை மறுபடி நிரப்பி வரிசையாக அடுக்கும் வீடியோவைப் பார்த்தால் அந்தக் கை நமைக்கத்தான் செய்யும்.

இந்த அத்தியாயம் அந்த நமைச்சலுக்கு மருந்து. மருந்து என்றதும் துப்பாக்கி மருந்தை நினைக்க வேண்டாம். அதைத் தொடாமலேயே அளப்பது, பிரிப்பது, சோதிப்பது, எழுதிவைப்பது என்று கைக்கு வேண்டிய வேலை அத்தனையும் ஏர் ரைபிளில் இருக்கிறது.

சட்டம் போட்ட கோடு

தோட்டாவுக்கு நான்கு உறுப்பு: பித்தளைக் கூடு, அடியில் தட்டினால் பொறி கக்கும் கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு கூடு மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து மற்ற மூன்றையும் புதிதாகப் போடுவதற்குப் பெயர் ரீலோடிங். அமெரிக்காவில் கடையில் சாமான் வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமை செய்யும் பொழுதுபோக்கு அது.

நம் நாட்டில் கதை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க உரிமம் கேட்கிறது. 5-ஆம் பிரிவு அவற்றைத் தயாரிக்கவும் விற்கவும் பழுதுபார்க்கவும் தனி உரிமம் கேட்கிறது. வைத்திருக்க உரிமம் இருக்கிறது என்பதாலேயே செய்யவும் உரிமை வந்துவிடாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தச் சட்டத்தில் 'அம்யூனிஷன்' என்ற சொல்லின் வரையறைக்குள் தோட்டாவின் உதிரிபாகங்களும் தோட்டா செய்யும் இயந்திரங்களும் அடங்கும். இணையத்தில் ஒரு கைப் பிரஸ்ஸை ஆர்டர் செய்வதும், டூல் ரூமில் வேலை பார்க்கும் நண்பரிடம் "ஒரு டை கடைந்து குடு மச்சான்" என்பதும் விளையாட்டில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத தயாரிப்புக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. ஆயுள் வரை போகலாம். வழக்கில் நண்பரும் சேர்ந்துதான் நிற்பார். "அதுக்கெல்லாம் விதிவிலக்கு இருக்கு" என்று யாராவது சொன்னால், உரிமம் தரும் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய கலையும் இல்லை. நாட்டுத் துப்பாக்கியில் குழல் வாய் வழியாக மருந்தைப் போட்டுக் கோலால் கெட்டித்த காலம் ஒன்று உண்டு. நீலகிரி அருவங்காட்டில் நூறாண்டுக்கு மேலாக மருந்து செய்யும் கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே அதற்கென்று கட்டிய கட்டடமும், பயிற்சி பெற்ற ஆளும், பாதுகாப்பு இடைவெளியும் உண்டு. மாத்தூரிலோ வல்லத்திலோ நான்கு பேர் பங்கு போட்டு எடுத்த வாடகை அறையில் அதெல்லாம் இருக்காது. சிவகாசிப் பட்டாசு விபத்துச் செய்திகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

திறந்திருக்கும் கதவு

4.5 மில்லிமீட்டர் (0.177 அங்குலம்) குழலும், குழல் வாயில் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கும் ஏர் பிஸ்டலுக்கும் தனிநபர் உரிமம் தேவையில்லை. கடையில் அடையாளம், முகவரி, வயதுச் சான்று கேட்பார்கள். கொடுத்து, பில்லை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

20 ஜூல் என்பது எவ்வளவு? போட்டிக்கான ஈயக் குண்டு, அதாவது ரவை, ஒன்றின் எடை 0.53 கிராம். மேட்ச் ரைபிளிலிருந்து அது விநாடிக்கு 170 மீட்டர் போல வேகத்தில் புறப்படும். எடையைக் கிலோவில் எடுத்து, அதில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது 7.7 ஜூல், வரம்பில் பாதிகூட இல்லை. ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டி நடப்பது இந்த ஆற்றலில்தான். 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வென்றதும் 4.5 மில்லி ரவையால்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்கில் நின்றதும் இதே 10 மீட்டர் கோட்டில்தான்.

கிளப்பில் இந்தக் குண்டைப் பெல்லட் என்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் ரவை. கடைக்குப் போய் வெறும் "ரவை" என்று கேட்டு உப்புமா ரவை வாங்கி வந்துவிடாதீர்கள்.

எங்கே சுடுவது

மொட்டை மாடியில் வேண்டாம். தட்டை மூக்கு ரவை சுவரில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து மாடியில் துணி காயப்போடுபவர் கண்ணுக்கு 7 ஜூல் தாராளம். ஏரிக்கரையிலும் வேண்டாம். இந்தப் பக்கத்து ஏரிகளில் மழைக்குப் பிறகு கொக்கும் நாரையும் இறங்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பறவையைச் சுடுவது குற்றம். கையில் இருந்தது 'வெறும் ஏர் கன்' என்பது அங்கே எடுபடாது.

கிளப்பில் சேருங்கள். சென்னை ரைபிள் கிளப் எழும்பூரில், பழைய போலீஸ் கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. 'பழைய' என்ற சொல்லை ஓட்டுநரிடம் அழுத்திச் சொல்லுங்கள். 2021 பிப்ரவரியில் நடிகர் அஜித் குமார் அங்கே போகக் கால் டாக்ஸி பிடித்து, வேப்பேரியில் இருக்கும் புதிய கமிஷனர் அலுவலகத்தில் போய் இறங்கியது செய்தியானது. அடுத்த மாதமே மாநிலப் போட்டியில் அவர் பதக்கங்கள் வாங்கினார் என்பது வேறு கதை. வேளச்சேரி குரு நானக் கல்லூரியிலும் நல்ல ரேஞ்ச் உண்டு. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டின் துப்பாக்கிச் சுடுதல் அங்கேதான் நடந்தது. வாரம் ஒரு நாள் போக முடிந்தால் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: ஷிப்ட் முடிந்து நேராக ரேஞ்சுக்குப் போகலாம் என்று ஏர் ரைபிளைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றாதீர்கள். கேட்டில் பையைத் திறக்கச் சொல்லும் செக்யூரிட்டி அண்ணனுக்கு அது ஏர் ரைபிளா வேறா என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பூட்டிய பெட்டி, உள்ளே பில், வீட்டிலிருந்து ரேஞ்ச், ரேஞ்சிலிருந்து வீடு. முதல் சில மாதம் கிளப் துப்பாக்கியிலேயே பழகினால் இந்தத் தலைவலியும் இல்லை.

டப்பாவைத் திறந்து பார்ப்போம்

மேட்ச் ரவை பெரும்பாலும் 500 கொண்ட வட்டத் தகர டப்பாவில் வரும். அடியில் அல்லது பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று தலையின் விட்டம்: 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லி கணக்கில் போட்டிருக்கும். இன்னொன்று லாட் எண். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விட்டம் என்றாலும் லாட் மாறினால் உங்கள் குழலில் அது வேறு ரவை. ஒரே டிராயிங்குக்கு இரண்டு சப்ளையர் அனுப்பிய பீஸ்கள் அசெம்ப்ளியில் வேறு வேறு மாதிரி உட்காருவதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது.

ஒரு ரவையை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். தட்டையான தலை, ஒடுங்கிய இடுப்பு, கீழே விரிந்த பாவாடை. தட்டைத் தலை அட்டையில் பஞ்ச் அடித்தாற்போல் வட்டமாக ஓட்டை போடும். பாவாடை காற்றின் அழுத்தத்தில் விரிந்து குழலின் வரிப்பள்ளங்களைப் பிடித்துச் சுழலும். கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் பாவாடை விளிம்புதான். ஈயம் மெத்தென்றது, டப்பா ஒரு தடவை கீழே விழுந்தால் போதும், பல ரவைகளின் விளிம்பு நெளிந்துவிடும்.

நெளிந்ததைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: சமமான கண்ணாடித் தட்டை லேசாகச் சாய்த்து ரவையைப் படுக்கையாக உருட்டுங்கள். தலையும் பாவாடையும் வேறு விட்டம் என்பதால் அது நேராக ஓடாது, வில்லாக வளைந்து ஓடும். நல்ல ரவைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வளைவில் வந்து ஒரே இடத்தில் நிற்கும். விளிம்பு நெளிந்தது நொண்டி நொண்டிப் போகும். அதைத் தனி டப்பாவில் போடுங்கள். ரிஜெக்ஷன் தொட்டிபோல அதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாலும் தப்பில்லை. சும்மா தூக்கிப்போட வேண்டியதில்லை, துப்பாக்கியை நிமிர்த்திப் பிடிக்கும் பயிற்சிக்கு ஆகும்.

லாட் சோதனை

ரீலோடிங் செய்பவர்கள் மாதக்கணக்கில் தேடுவது தங்கள் துப்பாக்கிக்குப் பொருந்தும் கலவையை. நீங்கள் தேடுவது பொருந்தும் லாட்டை. முறை இதுதான்:

1. வெவ்வேறு லாட்டில் மூன்று டப்பா எடுங்கள். மூடியில் அ, ஆ, இ என்று எழுதுங்கள்.
2. கிளப்பில் துப்பாக்கியை இறுக்கும் வைஸ் இருந்தால் அதில் மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் மேஜைமேல் மணல் மூட்டை. கையால் நின்று சுட்டுச் சோதித்தால் ரவையைச் சோதிக்கவில்லை, உங்களைச் சோதிக்கிறீர்கள்.
3. லாட் மாற்றும்போதெல்லாம் முதல் 10 ரவை கணக்கில் இல்லை. குழல் புது ரவைக்குப் பழக வேண்டும்.
4. ஒரே குறியில் சேர்ந்து விழும் ஓட்டைக் கூட்டம்தான் குரூப். ஒரு குரூப்புக்கு 10 ரவை, லாட்டுக்கு 5 குரூப். 500-இல் 50 என்பது நல்ல சாம்பிள்.
5. அ-வை முடித்து ஆ, பிறகு இ என்று போகாதீர்கள். அ, ஆ, இ, பிறகு இ, ஆ, அ என்று கலந்து சுடுங்கள். துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டரில் அழுத்தம் இறங்குவதும் நீங்கள் களைப்பதும் ஒரே லாட்டின் தலையில் விழாது.
6. ஓட்டைக் கூட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து எதிர் வெளிவிளிம்புவரை வெர்னியரால் அளந்து எழுதுங்கள். மூன்று லாட்டுக்கும் ஒரே அட்டை, ஒரே வெர்னியர், ஒரே ஆள்.

மாதிரிக்கு ஒரு தாளை எழுதிக் காட்டுகிறேன் (மில்லிமீட்டரில்):

அ: 6.8, 7.4, 6.9, 8.1, 7.3 — சராசரி 7.3
ஆ: 6.1, 9.0, 7.9, 8.6, 8.4 — சராசரி 8.0
இ: 7.0, 7.1, 6.9, 7.2, 7.3 — சராசரி 7.1

புதிதாக வருபவர் ஆ-வின் 6.1 குரூப்பைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார். தரப் பிரிவில் வேலை பார்த்தவர் இ-யை எடுப்பார். ஒரு தடவை சின்னதாக விழுவது அதிர்ஷ்டம். ஐந்து தடவையும் 0.4 மில்லிக்குள் நிற்பது குணம். பிடித்த லாட் கிடைத்தால் கையில் இருக்கும் காசுக்கு அதே லாட் எண்ணில் இன்னும் சில டப்பா வாங்கி வையுங்கள். தீர்ந்த பிறகு தேடினால் கிடைக்காது.

எடை போடலாமா?

நகைக்கடையில் காரட் எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒரு மில்லிகிராம்வரை காட்டும். அது கையில் இருந்தால் 500 ரவையையும் எடை போட்டுப் பிரிக்கக் கை பரபரக்கும். போடுவதற்கு முன் ஒரு கணக்குப் பாருங்கள்.

170 மீட்டர் வேகத்தில் 10 மீட்டரைக் கடக்க ரவைக்கு 0.059 விநாடி ஆகும். அதற்குள் பூமி அதை 17 மில்லி கீழே இழுத்துவிடும். ரவை 5 மில்லிகிராம் கூடுதல் எடை என்று வைத்துக்கொள்வோம். 530-இல் அது ஏறக்குறைய 1 சதவீதம். ஆற்றல் மாறாமல் இருந்தால் வேகம் அரை சதவீதம் குறையும், விழும் தூரம் 1 சதவீதம் கூடும்: 0.17 மில்லி. ஸ்கோரில் ஒரு புள்ளியின் பத்தில் ஒரு பங்கு 0.25 மில்லி. அதைக்கூட எட்டவில்லை. ஆக, 5 மில்லிகிராமைவிடத் தள்ளி நிற்பதை ஒதுக்கினால் போதும். மிச்ச நேரத்தை லாட் சோதனைக்குக் கொடுங்கள். எதை அளந்தால் அட்டையில் தெரியுமோ அதை அளப்பதுதான் அளவை, மற்றது பொழுதுபோக்கு. பொழுதுபோக்காகவே எடை போடுவதானால் தாராளமாகப் போடுங்கள்.

காற்றும் ஈயமும்

மேட்ச் ரைபிளின் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிற்கும். பட்டறையின் கம்ப்ரசர் லைனில் வருவது 6, 7 பார்தான், அதோடு எண்ணெயும் ஈரமும் கலந்திருக்கும். அது இதற்கு ஆகாது. வெல்டிங் செக்ஷனில் ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிறதே என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகருங்கள். அழுத்தமான ஆக்சிஜனும் உள்ளேயிருக்கும் கிரீஸும் சந்தித்தால் துப்பாக்கியே வெடிக்கும். சுத்தமான காற்று மட்டும். கிளப்பில் நிரப்பிக்கொள்ளலாம், அல்லது அதற்கான கைப் பம்பு. சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள், காலாவதியானதை நிரப்பாதீர்கள்.

ரவை ஈயம். சுட்டுவிட்டுக் கை கழுவாமல் டீயும் வடையும் எடுக்காதீர்கள். சோப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். ரவையை வாயில் வைத்துக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதைப் பார்த்துப் படிக்காதீர்கள். நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பழைய ரவைமேல் வெள்ளைப் பொடி பூக்கும். அந்த ரவையை ஒதுக்கிவிடுங்கள், பொடியை ஊதாதீர்கள். டப்பாவைக் காற்றுப்புகாத பெட்டியில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் அது பூக்காது. குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சுட்ட ஈயத்தைச் சேர்த்து வீட்டில் உருக்கி எடைக்கல் வார்க்க ஆசைப்படாதீர்கள். அந்தப் புகை அறையைவிட்டுச் சீக்கிரம் போகாது.

நோட்டு

ஷிப்ட் லாக் புக் எழுதியவருக்கு நோட்டு எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு வரி: தேதி, லாட், தொடக்க அழுத்தம், முடிவு அழுத்தம், எத்தனை ரவை, ஸ்கோர். கூடவே ஒரு கட்டம் சேருங்கள்: முந்தின நாள் எந்த ஷிப்ட், எத்தனை மணி நேரத் தூக்கம். இரண்டு மாதம் கழித்து அந்தக் கட்டத்தையும் ஸ்கோரையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு, அட்டையை வைத்து. 10 மீட்டர் ரைபிள் அட்டையில் பத்து என்பது அரை மில்லி விட்டமுள்ள வெறும் புள்ளி. 4.5 மில்லி ரவை அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து. அதாவது ரவையின் மையம் நடுவிலிருந்து 2.5 மில்லிக்குள் விழுந்தால் பத்து. அங்கிருந்து ஒவ்வொரு 0.25 மில்லி நெருக்கத்துக்கும் ஒரு பத்தில் ஒரு பங்கு கூடி 10.9-இல் முடியும். பெய்ஜிங்கில் பிந்த்ராவின் கடைசி ரவை 10.8: நடுவிலிருந்து அரை மில்லிக்குள்.

இப்போது நம் மாதிரித் தாளுக்கு வாருங்கள். எல்லா ரவையும் பத்தாக விழ, குரூப்பின் வெளி அளவு 9.5 மில்லிவரை இருக்கலாம். அங்கே மோசமானது ஆ-வின் 9.0. அதுவும் பத்துக்குள்தான். நீங்கள் தேர்ந்தெடுத்த இ லாட்டில் பெரிய குரூப்பின் வெளி அளவு 7.3, அதில் ரவையின் 4.5 போனால் 2.8. நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 1.4 மில்லி. ரவை உங்களுக்குச் செய்யக்கூடிய துரோகத்தின் உச்சம் அவ்வளவுதான்.

எட்டு விழுந்தால் ரவை நடுவைவிட்டு 5 மில்லிக்கு மேல் விலகியிருக்கிறது. அதில் டப்பாவின் பங்கு 1.4. மீதி உங்கள் மூச்சு, விரல், நேற்றைய சி ஷிப்ட். லாட் சோதனை செய்யாதவர் அடுத்த டப்பா வாங்கக் கிளம்புவார். செய்தவர் நோட்டைத் திறந்து தூக்கக் கட்டத்தைப் பார்ப்பார். அடுத்த அத்தியாயம் மூச்சைப் பற்றியது.